ஏரி நல்லா இருக்கு

இதை எழுதட்டுமா என்று ஐலா ரௌத்தியோவிடம் கேட்டேன். அடுப்பில் மீன் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுது. ஒரு வார்த்தை கூட்டாதே. ஒரு வார்த்தை குறைக்கவும் குறைக்காதே" என்றாள். கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அவள் சொன்னது, அவள் மருமகள் ஷெல்பி சொன்னது, பிற்பாடு ஷெரிஃபின் ஆட்கள் சொன்னது. இந்த மூன்றும்தான் இதில் இருக்கிறது.

மிச்சிகனின் வடகோடியில் எங்கள் ஊர். ஐலாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பனிமேல் ஓடுகிற ஸ்னோமொபைல் வண்டிக்காரர்களின் ஊர்க் கிளப்பில் குரூமர் ஓட்டுகிறவள். காட்டுப் பாதைகளில் விழுகிற பனியை அழுத்திச் சீவிச் சமன்படுத்துகிற ஏழு டன் வண்டி அது. சக்கரம் கிடையாது. டாங்கிக்கு இருப்பதுபோல இருபக்கமும் அகலமான பட்டைகள். மேலே கண்ணாடிக் கூண்டில் இரண்டு பேர் உட்காரலாம்.

பாதை எப்படி இருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிற வேலை கிளெம் ட்யூப்ரேயுடையது. விடிந்ததும் தன் பழைய ஸ்னோமொபைலில் ஒரு சுற்றுப் போய்வந்து வயர்லெஸ்ஸில் சொல்வான். எட்டாம் பாதை நல்லா இருக்கு, பன்னிரண்டாம் பாதை சுமார், ஓடைப் பாலத்துல மெதுவாப் போங்க. அவன் 'நல்லா இருக்கு' என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். வெளியூர் ஓட்டல்காரர்கள் அவன் வாயைப் பார்த்துத்தான் அறையை வாடகைக்கு விடுவார்கள். சொல்லி முடித்ததும் ஐலாவை ஒரு வார்த்தை கிண்டல் செய்யாமல் விடமாட்டான். "அம்மணி, உன் காப்பியைக் கொஞ்சம் பாதையில ஊத்திடாதே. பனி பூரா உருகிடும்."

அந்த மார்ச் மாதம் ஒரு வாரம் வெதுவெதுப்பாக மழை பெய்தது. பிறகு திடீரென்று குளிர் திரும்பியது. ஒரு நாள் சாயங்காலம் கிளெம் வயர்லெஸ்ஸில் சொன்னதை ஊரே கேட்டது. ஓட்டர் ஏரி எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை என்றும், காலையில் தானே போய்த் துளை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வதாகவும், அதுவரை யாரும் ஏரியில் இறங்க வேண்டாம் என்றும் சொன்னான்.

மறுநாள் முற்பகலில் புயல் பிடித்துக்கொண்டது. எதிரே நீட்டிய கை தெரியாத பனி. சாலையில் மரங்கள் விழுந்தன, மின்சாரம் போனது. ஐலாவின் மகன் இரும்புச் சுரங்கத்தில் ஷிப்டில் மாட்டிக்கொண்டான். வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். ஷெல்பிக்கு எட்டாம் மாதம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷெல்பி குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். ஐலா போய்ப் பார்த்தபோது தரையில் இரத்தம்.

ஆம்புலன்ஸுக்குப் போன் கிடைத்தது. நெடுஞ்சாலை முனை வரைதான் வர முடியும், அதற்கு மேல் சாலை மூடிவிட்டது, எப்படியாவது அங்கே கொண்டுவந்து சேருங்கள் என்றார்கள். வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது போன் செத்தது.

ஐலா யோசிக்கவே இல்லை. கொட்டகையிலிருந்து குரூமரை எடுத்தாள். பின்னால் மாட்டியிருந்த, பனி சீவுகிற கனத்த சீப்பைக் கழற்றிவிட்டாள். போர்வையில் சுற்றி ஷெல்பியைக் கூண்டில் ஏற்றினாள்.

"அத்தை, வண்டியெல்லாம் இரத்தம் ஆயிடும்" என்றாள் ஷெல்பி.

"கிளப்புக்காரன் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீ காலைத் தூக்கி வெச்சுக்க."

எட்டாம் பாதையில் காட்டுக்குள் நுழைந்தார்கள். விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. வெள்ளை. எல்லாமே வெள்ளை. ஐலா மைக்கை எடுத்து கிளெமைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இரைச்சல் மட்டும். மைக்கைக் கொக்கியில் மாட்டினாள்.

கொஞ்ச தூரம் போனதும் வயர்லெஸ் கரகரத்தது.

"எட்டாம் பாதை. வளைவு தாண்டி மரம் விழுந்திருக்கு. இடது பக்கம் பழைய மர லாரிப் பாதையில திரும்பு."

கிளெமின் குரல். ஐலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வளைவில் வேகத்தைக் குறைத்தாள். அவன் சொன்னது போலவே பெரிய பைன் மரம் பாதையை அடைத்துக் கிடந்தது. இடது பக்கம் திரும்பினாள். வழி இருந்தது.

மைக்கை எடுத்து நிலைமையைச் சொன்னாள். ஷெல்பி, இரத்தம், ஆம்புலன்ஸ், எல்லாம். முனையில் இருப்பவர்களுக்குத் தகவல் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

அதற்குப் பதில் வரவில்லை. கொஞ்சம் கழித்து, "ஓடைப் பாலம் நல்லா இருக்கு. வலது ஓரமா வா" என்றது குரல்.

பாலத்தின் இடது பாதி சரிந்திருந்தது. வலது ஓரமாகவே கடந்தாள்.

அப்படியே போனது. இங்கே பள்ளம். அங்கே பனிமேடு. இந்த இடத்தில் நிற்காதே. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அவன் மட்டும் இல்லையென்றால் முதல் மரத்தோடு எங்கள் கதை முடிந்திருக்கும் என்றாள் ஐலா என்னிடம்.

ஆனால் ஏதோ இடித்தது. என்னவென்று முதலில் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. அவன் கிண்டலே செய்யவில்லை. செத்த வீட்டில்கூட ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற ஆள். இன்றைக்கு ஒரு 'அம்மணி' கூட இல்லை.

இன்னொன்றும் இருந்தது. குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். எஞ்சின் சத்தம் இல்லை. காற்றுச் சத்தமும் இல்லை.

தண்ணீர். கரையில் தட்டித் தட்டித் திரும்புகிற தண்ணீர்.

ஷெல்பியின் முகம் மெழுகு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. "அத்தை... அசையவே மாட்டேங்குது" என்றாள்.

"தூங்குது. நீயும் கொஞ்சம் கண்ணை மூடு." "ஏரி மட்டும் உறைஞ்சிருந்தா அரை மணியில போயிடலாம்..."

அதை அவள் தனக்குத்தானே முணுமுணுத்தாள். மைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தானை யாரும் தொடவில்லை.

"ஏரி நல்லா இருக்கு" என்றது வயர்லெஸ்.

ஐலா மைக்கைப் பார்த்தாள். ஷெல்பியும் பார்த்தாள்.

"பார்த்துட்டேன். நல்லா கெட்டியா இருக்கு. இறங்கி வா."

பாதை பிரிகிற இடம் வந்தது. வலது பக்கம் போனால் ஏரியைச் சுற்றிக் காடு வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேரே இறங்கினால் ஏரி. ஜனவரியில் அதே குரூமரோடு எத்தனையோ தடவை கடந்திருக்கிறாள். ஒரு வார மழைக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. ஆனால் கிளெம் பார்த்துச் சொல்கிறேன் என்றான். இதோ, பார்த்துவிட்டுச் சொல்கிறான். முப்பது வருஷமாக அவன் சொல் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஷெல்பியின் போர்வை நனைந்து, இருக்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"கிளெம், உறுதியாச் சொல்லு" என்றாள் ஐலா. இந்தத் தடவை பொத்தானை அழுத்தித்தான் கேட்டாள். "சும்மா சொல்லாதே. பிள்ளைத்தாய்ச்சியோட வர்றேன்."

"நல்லா இருக்கு. நான் இங்கதான் இருக்கேன். வெளிச்சம் காட்டறேன்."

தூரத்தில், வெள்ளைக்குள், ஒரு வெளிச்சம் தெரிந்தது. மஞ்சளாக.

ஐலா வண்டியை இறக்கினாள்.

கரைச் சரிவில் வண்டி முன்பக்கமாகச் சாய்ந்தது. மெல்ல இறங்கியது. வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். காற்று குறுக்கே அடித்தது. பனி கிடையாகப் பறந்தது. அந்த வெளிச்சம் மட்டும் ஆடவில்லை.

கொஞ்சம் கிட்டே போனதும் ஆள் தெரிந்தான். தொப்பி தெரிந்தது. தோள் தெரிந்தது. கையை மெல்ல அசைத்தான்.

"அத்தை..."

"ம்."

"அவர் ஏன் உட்கார்ந்திருக்கார்?"

ஐலா பார்த்தாள்.

தொப்பி. முகம். தோள்கள். நெஞ்சு.

அதற்குக் கீழே... இல்லை.

உட்கார்ந்திருக்கவில்லை. நெஞ்சு வரைக்கும்தான் வெளியே இருந்தான். மிச்சம் ஏரிப் பனிக்கட்டிக்குக் கீழே இருந்தது.

"வா" என்றது வயர்லெஸ்.

அந்த முகத்தில் வாய் அசையவில்லை.

ஐலா பின்னோட்டக் கியரைப் போட்டாள். பட்டைகள் உறுமின. வண்டி நகரவில்லை... நகரவில்லை... கீழே எங்கேயோ, ஆழத்தில், துணி கிழிவது போல நீளமாக ஒரு சத்தம் ஓடியது.

ஷெல்பி அலறவில்லை. மாமியாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி ஒரு குலுக்கலோடு பின்னால் போனது.

எப்படித் திருப்பினாள், எப்படிக் கரை ஏறினாள், தெரியாது. கரையோரத்திலேயே நிறுத்தித் திரும்பிவிட்டதாகத்தான் அவளுக்கு ஞாபகம். பட்டைகளின் முன்பக்கம் மட்டும்தான் ஏரியில் இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

காட்டுப் பாதையில் ஏறினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல். வழி சொல்ல ஆள் இல்லை. ஷெல்பி இரண்டு தடவை மயங்கினாள். ஐலா ஒரு கையால் ஓட்டி, ஒரு கையால் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனாள். தன் தாய் சொல்லிக்கொடுத்த ஃபின்லாந்து மொழி ஜெபத்தைச் சொன்னாள். பாதியில் மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டாள். சுவிட்சைத் திருகி, விளக்கு அணைந்ததையும் பார்த்தாள்.

"ஏரி நல்லா இருக்கு..."

மறுபடி.

"நல்லா இருக்கு... வா..."

ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி. கொஞ்சம் மெதுவாக. கடைசியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

இருட்டுகிற நேரத்தில் நெடுஞ்சாலை முனையில் சிவப்பு விளக்குகள் சுழல்வது தெரிந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் கூண்டுக் கதவைத் திறந்தபோது ஐலாவின் விரல்கள் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். ஷெல்பிக்கு அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. நாலு ராத்தல்கூட இல்லை. முதலில் அழவில்லை. பிறகு அழுதது.

காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐலா உட்கார்ந்திருந்தபோது ஷெரிஃபின் உதவியாளர் ஒருவர் வந்தார். காப்பி வாங்கிக் கொடுத்தார். கிளெமைக் காணோம் என்றார்.

நேற்றுச் சாயங்காலம் வரை வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டுதானே இருந்தான் என்றாள் ஐலா.

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கிளெம் நேற்று விடிந்ததும் ஏரிக்குப் போனவன், புயல் தொடங்கும் முன்பே திரும்பியிருக்க வேண்டும். கிளப்பில் இருப்பான் என்று அவன் மனைவி ஜீனைன் நினைத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய வயர்லெஸ் வீட்டுச் சமையலறையில், சார்ஜரில் போட்டபடியே இருந்தது. எடுத்துக்கொள்ள மறந்துவிட்டான்.

காற்று நின்றதும் ஏரிக்குப் போனார்கள். கரையிலிருந்து வெகு தூரத்தில், ஓடை வந்து கலக்கிற பக்கமாக, ஸ்னோமொபைல் விழுந்த துளை இருந்தது. அதன்மேல் மறுபடியும் மெல்லிய பனி மூடியிருந்தது. பக்கத்தில் அவன் நட்ட கம்பு ஒன்று நின்றது. சிவப்புப் பலகையோடு. 'ஏரி மூடப்பட்டது' என்று அதில் எழுதியிருந்தது.

அதைச் சொல்லத்தான் போயிருக்கிறான்.

குரூமரின் தடத்தையும் பார்த்தார்கள். உதிரிப் பனியைக் காற்று அடித்துக்கொண்டு போயிருந்ததால், பட்டைகள் அழுத்திய தடம் மட்டும் மேடாக நின்றது. அது கரையில் திரும்பவில்லை. நேரே உள்ளே போயிருந்தது. ஏரியின் நடுப்பகுதி வரை. துளைக்கு ஐம்பதடி முன்னால்தான் நின்று, பின்வாங்கி, திரும்பியிருந்தது.

அந்த இடத்தில் துளை போட்டு அளந்தார்கள். பனிக்கட்டியின் கனம் நாலு விரல்கடைதான். ஒரு ஆள் நடக்கலாம். ஏழு டன் வண்டி நிற்க முடியாது. அது எப்படி நின்றது என்று அளந்தவர்களால் சொல்ல முடியவில்லை. வண்டி நின்ற இடத்தைச் சுற்றி வட்டமாக விரிசல் ஓடியிருந்தது. முழு வட்டம். ஆனால் உள்ளே இறங்கவில்லை.

கிளெமின் உடல் துளைக்குக் கீழே இல்லை. முக்குளிப்பவர் பாதி நாள் தேடினார். கடைசியில் அந்த விரிசல் வட்டத்துக்கு நேர் கீழே கண்டெடுத்தார். ஓடை நீரோட்டம் எதிர்ப்பக்கம்தான் இழுக்கும். அங்கே போயிருக்க வழியே இல்லை என்றார்.

மல்லாந்து இருந்தான். முகம் மேலே பார்த்தபடி. இரண்டு கைகளும் தலைக்கு மேல் நீட்டியிருந்தன. உள்ளங்கைகள் இரண்டும் பனியின் அடிப்பக்கத்தில் விரிந்து, உறைந்து ஒட்டியிருந்தன. வெட்டித்தான் எடுத்தார்கள்.

அவன் இழுக்கப் பார்த்தானா, தாங்கிப் பிடித்தானா என்று ஜீனைன் ஒருமுறை ஐலாவிடம் கேட்டாள்.

"வான்னு கூப்பிட்டான்" என்றாள் ஐலா. "எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."