ஓரத்தில் பென்சில் குறிப்பு

லெனினாகன் நகரப் பஞ்சாலையில் ஹைகனுஷின் தறிக்கு அடுத்தது என் தறி. பதினோரு வருடமாகச் சாப்பாட்டு வேளையில் அவளுக்கு ஒரே வேலைதான். ஆலை நூலகத்தில் இருக்கும் ஒரே சதுரங்கப் புத்தகத்தைத் திறப்பாள். எல்லாம் பெரிய மாஸ்டர்களின் ஆட்டங்கள். அடுத்த நகர்த்தலை ரொட்டி சுற்றிய காகிதத்தால் மூடிவிட்டு, தான் என்ன ஆடுவோம் என்று யோசித்து ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். பிறகுதான் காகிதத்தை விலக்குவாள்.

"என்ன ஹைகனுஷ், மாஸ்டரையே திருத்துறியா?" என்று நக்கலடிப்பார் துணி சோதிக்கும் வர்த்கெஸ்.

திருத்தமாவது! மாஸ்டர் துணிந்து காயைப் பலி கொடுத்த இடத்தில் எல்லாம் இவள் காயைப் பின்னுக்கு இழுத்துத்தான் எழுதியிருப்பாள்.

அந்த வசந்தத்தில் ஆலையின் சதுரங்க அணியில் ஓர் இடம் காலி. இவளும் வர்த்கெஸும் ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும், ஜெயித்தவர் அணியோடு தலைநகர் யெரெவானுக்குப் போட்டிக்குப் போகலாம். அதுவரை அந்த அணிக்குள் ஒரு பெண்ணும் நுழைந்ததில்லை. அவளுக்கு நாற்பத்தாறு வயது. இன்னொரு வாய்ப்பு வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே புத்தகத்தை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள்.

அன்று வர்த்கெஸ் மளமளவென்று ஆடினார். தன் ராஜாவைத் திறந்துபோட்டுவிட்டு, ஒரு சிப்பாயைத் தள்ளி இவள் குதிரையை மிரட்டினார். இவள் கை குதிரைப் பக்கம் போனது.

"இழுத்துக்கோ, இழுத்துக்கோ. பக்கத்துக்குப் பக்கம் அதத்தானே எழுதி வச்சிருக்க!" என்றார் அவர்.

நுணலும் தன் வாயால் கெடும். நீட்டிய கை அப்படியே நின்றது. முப்பது நிமிடம் யோசித்தாள். பிறகு குதிரையை அதன் விதிக்கு விட்டுவிட்டு, ராணியை அவர் ராஜாவை நோக்கி நகர்த்தினாள். கணக்குப் போட்டு ஆடினாளா, கோபத்தில் ஆடினாளா, எனக்குத் தெரியாது. அதிலிருந்து ஆறாவது நகர்த்தலில் வர்த்கெஸ் தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைச் சாய்த்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பியிருந்தது. நான் ஒரு ரப்பரை வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

"எல்லாத்தையும் அழிச்சுடு. அந்த மனுஷன் மாதிரி எத்தனை பேரு இருக்காங்களோ!"

அவள் ரப்பரை என் பக்கமே தள்ளினாள்.

"வேணாம்டி. அடுத்த வருஷமும் யாராவது இதப் படிச்சுட்டு வரட்டும்."