திம்மையாவின் வலது கை

மனைவி சௌடம்மாள் இறந்துபோன பிறகு, திம்மையாவின் வீட்டில் கன்னடம் பேச ஆளில்லை. அருப்புக்கோட்டையில் அவர் தெரு முழுக்கக் கன்னடம் பேசும் நெசவாளர் வீடுகள்தான். ஆனாலும் யார் வாசலிலும் போய் உட்காருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. விடிந்தால் தறிக் குழியில் காலை விடுவார், இருட்டினால் எழுவார். பிள்ளை இல்லை. தறிச் சத்தம் நின்றால் வீடே ஆளற்றதுபோல் ஆகிவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் இடது கண் இருண்டது. சூடு என்று நினைத்து இளநீர் குடித்தே நாளைக் கடத்தினார். அந்தக் கண் போயே போய்விட்டது. வலது கண்ணிலும் மின்னல் வெட்டத் தொடங்கிய பிறகுதான் மதுரைக்குப் பஸ் ஏறினார்.

"கண்ணுக்குள்ள பின்பக்கத் திரையில ஓட்டை விழுந்திருக்கு" என்றார் டாக்டர். "கத்தி வேண்டாம். கண்மணி வழியாவே ஒளியைக் குவிச்சு, ஓட்டையைச் சுத்திச் சுட்டு ஒட்டிரலாம். ஆனா கண்ணு அசையக் கூடாது. ஒளி தப்பி நடுவுல பட்டா, இருக்கிற பார்வையும் போயிரும்."

படுக்க வைத்து, இயந்திரத்தைக் கண்ணருகே கொண்டுவந்தார்கள். முதலில் ஒளி இல்லாமல் விசையை மட்டும் தட்டிப் பார்த்தார் டாக்டர். டக்கென்றது. திம்மையாவின் கண் ஓரத்துக்கு ஓடியது. மறுபடி தட்டினார். மறுபடியும் ஓடியது.

"என்னய்யா, பயமா?"

"பயமில்லைங்க. சத்தம் கேட்டா, தறியில நூலை இழுத்துக்கிட்டு நாடாக்கட்டை ஓடுதுன்னு கண்ணு பின்னாடியே போயிருது."

"இங்க ஏதுய்யா நாடா? இப்படி ஓடுனா நான் ஒளி விட மாட்டேன்."

நர்ஸ் முத்துத்தாய் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பரளச்சிக்காரி, தறி ஓடுவதைப் பார்த்தவள். அவள் சொன்னாள்: "சார், டக்குன்னதும் இவுக வலது கை நாடா விடுற தறிக்கயித்த இழுக்குறாப்புல வெட்டுது. கை போன பிறகுதான் கண்ணு போகுது."

"அப்பக் கையப் பிடிச்சுக்கம்மா."

அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சௌடம்மாளுக்குப் பிறகு அந்தக் கையை யாரும் பிடித்ததில்லை. டக்கென்றபோது கை துள்ளியது. "இழுக்காதீக பெரியப்பா, சீலை நெய்யல" என்று அவள் அழுத்திப் பிடித்தாள். கண் நின்றது.

அதன் பிறகே டாக்டர் ஒளியை விட்டார். உலகம் வெளுத்தது. மறுபடி டக். மறுபடி வெளுப்பு. ஒவ்வொரு தடவையும் அவள் பிடி இறுகியது. ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாமோ என்று திம்மையாவுக்குத் தோன்றியது. உடனே அந்த நினைப்புக்கு அவரே பயந்துபோனார்.

"நல்லாச் சுட்டாச்சு. இனி ஒட்டிக்கிரும், பார்வைக்குப் பழுதில்ல" என்றார் டாக்டர்.

"கொஞ்ச நாளைக்குத் தறியில உக்காரக் கூடாது, பெரியப்பா. வீட்டுல சொல்லி வையுங்க."

"தறிகிட்டச் சொல்லிர்றேன் தாயி."

முத்துத்தாய் சிரித்தபடியே கையை விட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள்.