மூன்று நாள் பிந்திய மழை

“தன்னியக்க வானிலை நிலையம், இலக்கம் 7. பராமரிப்பாளர்: வடிவம்மா, வயது 52. தொழில்நுட்ப அறிவு இல்லை. பொறுப்பு: வேலியைச் சுற்றிப் புல் செதுக்குதல்.”

திட்டக் கோப்பில் வடிவம்மா இவ்வளவுதான். நெடுங்கேணியில் அவளுடைய வயலோரம் அந்த வெள்ளைக் கம்பத்தை நட்டுவிட்டுப் போன அன்றே, அதில் மழையைப் பிடிக்கும் புனலின் வாயை நூலால் அளந்து, அதே வாயகலத்தில் ஒரு பெயின்ற் ரின்னைத் தேடிப்பிடித்து, உள்ளே மில்லிமீற்றர் அடிமட்டம் ஒட்டிப் பக்கத்தில் வைத்தவள் அவள். இரண்டு வருடமாக ரின்னும் நிலையத்தின் சின்னத் திரையும் ஒரே கணக்கைத்தான் சொல்லிவந்தன. கோப்புக்கு அது தெரியாது.

நவம்பர் பத்தாந் திகதி அடித்த மழைக்கு ரின் நூற்றெழுபத்தைந்து மில்லிமீற்றர் காட்டியது. நிலையம் ஆறு காட்டியது. புனலின் துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

நிவாரணப் பட்டியல் மூடும்வரையான ஒரு வாரத்துக்குள் ஏதாவதொரு நாள் மழை நூற்றைம்பது மில்லிமீற்றரைத் தாண்டினால், பயிரழிவுக்குத் திட்டத்தில் விதைநெல் கொடுப்பார்கள். நிலையம் சொன்னால் மட்டும். பட்டியல் பதின்மூன்றாந் திகதி பின்னேரம் மூடுகிறது. வடிவம்மாவின் முதல் விதைப்பு காய்ந்துபோனது, இரண்டாவது தண்ணீருக்கடியில் அழுகிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்தது அரிசி. அரிசி முளைக்காது.

ரின் தண்ணீரைச் சோடாப் போத்தல்களில் நிரப்பிக்கொண்டு, பன்னிரண்டாந் திகதி திட்ட அலுவலர் விஜிதரனிடம் போனாள். ஐந்தரை லீற்றர் சாட்சியத்தை அவன் மரியாதையாகத்தான் பார்த்தான்.

“அம்மா, மெஷின் ஆறு எண்டு சொல்லுதே.”

“வயல் முழங்கால் எண்டு சொல்லுது, தம்பி. வந்து குளவிக்கூட்டையாவது பாருங்கோ.”

தனக்கு அதைத் தொட அதிகாரமில்லை, கொழும்பிலிருந்துதான் ஆள் வரவேண்டும், தை மாதம் வருவார்கள் என்றான். பெயின்ற் ரின்னை நம்பிப் படிவம் நிரப்பினால் தன் வேலை போய்விடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னான். நல்ல பிள்ளை; பஸ் ஏறும்வரை போத்தல் பையைத் தூக்கி வந்தான்.

பஸ்ஸில் அவள் அழவில்லை. பையை மடியில் வைத்து, ஒரு துளி சிந்தாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தாள்.

மறுநாள் வானத்தில் முகில் இல்லை. புனலில் தேங்கிக் கிடந்ததை அகப்பையால் அள்ளி எறிந்தாள். தென்னை ஈர்க்கால் குளவிக்கூட்டைக் குத்தி எடுத்தாள். உள்ளே ஒரு சின்னக் கரண்டி, சீசோப் பலகை மாதிரி, நிரம்பி நிரம்பிச் சாய்ந்துதான் மழையை எண்ணுகிறது. வேகமாக ஊற்றினால் எண்ணிக்கை தவறும். போத்தல் தண்ணீரைத் தேத்தண்ணிக் கேத்திலில் விட்டு விட்டு, அதன் மூக்கால், நூல் போல ஊற்றத் தொடங்கினாள். காலை ஏழரைக்குத் தொடங்கியது. கை மரத்தபோது மற்றக் கைக்கு மாற்றினாள். ரோட்டால் சைக்கிளில் போன பக்கத்து வயல்காரன் தவராசா நின்று பார்த்துவிட்டு, கம்பத்துக்கும் அபிஷேகமோ என்று கேட்டான். அவள் திரும்பவில்லை, பேசினால் கை ஆடும்.

பதினொன்றரைக்குக் கடைசிக் கேத்திலும் காலியானது. பத்தாந் திகதி பெய்த மழையில் நிலையம் ஏற்கெனவே எண்ணிய ஆறு மில்லிமீற்றரைக் கழித்து, மிச்ச நூற்றறுபத்தொன்பதை மட்டும் பதின்மூன்றாந் திகதி வெயிலில் நின்று வடிவம்மா ஊற்றினாள்.