ஜெயபாரதியின் குதிரைப் பாட்டு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஜெயபாரதிக்குக் கைவேகம் ஜாஸ்தி என்று பெயர். மாலையில் ஹவாயன் கிடாரோடு உட்கார்ந்தால்தான் அந்த வேகத்துக்கு வேலை இல்லை. சிந்தாதிரிப்பேட்டை ஷரஃபுதீனின் மெல்லிசைக் குழுவில் வாசித்தாள். அவர் அக்கார்டியன். காதலி பிரிந்தாலும் கதாநாயகன் குடித்தாலும் உடனே இவள் பக்கம் கையைக் காட்டுவார். மடியில் கிடத்திய கிடாரின் தந்திகள்மேல் இவள் எஃகுத் துண்டை இழுப்பாள். கிடார் அழும். ஐந்து வருஷமாக அழுதுகொண்டிருந்தது.

ஒருநாள் மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டு ஒன்று வாங்கினாள். உறையில் அகலத் தொப்பி வைத்த ஏழு பேர். மாம்பலத்து வீட்டில் போட்டுக் கேட்டால், அதே கிடார்! பிடிலும் அக்கார்டியனும் துரத்த, வழுக்கிக்கொண்டு ஓடிற்று, நின்று கேலி செய்தது, மறுபடி ஓடிற்று. கீழே குதிரை நடை மாதிரித் தாளம். ஜெயபாரதி தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்ற வேண்டிய தட்டை முப்பத்து மூன்றில் சுற்றவிட்டாள். சுருதி இறங்கியது; தன் தந்திகளையும் இறக்கிக்கொண்டு ஒவ்வொரு ஓட்டமாகப் பிடித்தாள். நாலு மாதம் பிடித்தது.

எழுபத்திரண்டு தை மாதம், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு.

"பாய், இன்னைக்கு ஒரு கௌபாய் பாட்டு வாசிக்கிறேன்."

"வெளாட்றியாம்மா? கல்யாண வூட்ல குதிரை ஓட்றதுக்கா நம்மள கூப்ட்டுகீறாங்க?"

"நீங்க சி மேஜர் புடிச்சுக்கிட்டு வாங்க. ரெண்டாவது அடியில அழுத்தம் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் தொடங்கிவிட்டாள். முதல் ஓட்டம் எண்ணெய் தடவினாற்போல் போயிற்று. டிரம்ஸ்காரர் சட்டென்று தாளத்தைப் பிடித்துக்கொண்டார். ஷரஃபுதீன் கொஞ்சம் திணறிவிட்டு உள்ளே வந்தார். அவள் வேண்டுமென்றே ஓர் இடம் விட்டு, "பாய்!" என்று கூப்பிட்டாள். அவர் அந்த இடத்தை நிரப்பினார். அதையே அவள் இரட்டை வேகத்தில் திருப்பிக் கொடுத்தாள். மேடையென்று பாராமல் அவர் உரக்கச் சிரித்துவிட்டார். முன்வரிசையில் பட்டு அங்கவஸ்திரக்காரர்களின் செருப்புகள் தாளம் போட்டன. மணப்பெண்ணின் விரல் மாலையின்மேல் ஆடிற்று.

சமையல்காரர் வெள்ளைச்சாமி கரண்டியோடு மேடையோரம் வந்தார். "எலை போட்டாச்சு, சாம்பார் ஆறுது, ஒருத்தரும் எந்திரிக்கலியே! நிறுத்துங்க பாய்!"

"நைனா, நானே நிறுத்த முடியாம கீறேன்!"

வெள்ளைச்சாமியும் பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "இன்னொரு தடவ, அம்மா" என்றார். அவள் இன்னும் வேகமாக வாசித்தாள்.

அதன்பிறகு கச்சேரிக்கு அழைக்க வருகிறவர்களே, "குதிரைப் பாட்டு உண்டுல்ல?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஷரஃபுதீன் தாமே மூர் மார்க்கெட்டில் தட்டுத் தேடி அலைந்தார். பிடில் இல்லாதது மட்டும் குறையாக இருந்தது. மறுவருஷம் மயிலாப்பூரிலிருந்து ஜானகி வந்தாள். சபாக்களில் பிடில் வாசிக்கிறவள், ஒத்திகைக்கும் தரையில்தான் உட்கார்ந்தாள். தட்டைக் கண்மூடிக் கேட்டாள்.

"அட, பாதி மோகனம்னா இது! இதையா குதிரைமேல ஏத்திண்டு போயிருக்கா?" என்றவள், வில்லை எடுத்தாள்.