காலடியில் தார் பூசிய பெஞ்ச்

மரச்சாமான் கடையில் விற்பவன் அதிகம் பொய் சொல்ல வேண்டியதில்லை. பாதியை வார்னிஷ் சொல்லிவிடும், மீதியை வாங்குகிறவரே தனக்குச் சொல்லிக்கொள்வார். எழுபதுகளின் தொடக்கத்தில் தி. நகரில் அப்படி ஒரு கடையில் வேலை பார்த்தேன். தோட்டத்துக்கு ஆசையாக பெஞ்ச் வாங்கி, இரண்டே மழையில் விறகாக்கிய அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். வயிற்றெரிச்சல் படாதீர்கள், விற்ற நானும் நிம்மதியாக இல்லை.

கறுப்பு மருந்து

தேக்கில் நடுக்கட்டைதான் வைரம். ஓரத்து வெள்ளைக் கட்டை ஈரம் பட்டால் உளுத்துவிடும். உட்காரும் பலகைக்கு வைரம், கால்களுக்கு வெள்ளை என்பது எங்கள் முதலாளியின் கணக்கு. கலர் கொடுத்து வார்னிஷ் அடித்தால் வெளியே தெரியாது. பாதத்தின் அடியில் மட்டும் மரம் தன் நிறத்தைக் காட்டிக்கொடுக்கும். அங்கே தார் பூசிவிடுவோம். கேட்டால், கரையானுக்கு மருந்து.

"இது தாங்குமா?" என்று ஒரு நாள் எங்கள் பாலிஷ்காரர் முனுசாமியைக் கேட்டேன். பிரஷை நிறுத்தாமல் சொன்னார்: "மழ வர்ற வரிக்கும் தாங்கும் நைனா. அப்பால நாம இன்னா, போய்ப் பாக்கவா போறோம்?"

மயிலாப்பூர் பரிசோதனை

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமா வந்தார். பலகையைத் தேங்காய் போலத் தட்டினார், நகத்தால் கீறினார், குனிந்து முகர்ந்தார். கூஜாவிலிருந்து தண்ணீர் விட்டு, அது ஊறுகிறதா என்று கைக்கடிகாரத்தோடு காத்திருந்தார். காலடியை மட்டும் பார்க்கவில்லை. கடைசியில் உட்கார்ந்து பார்த்து எழுந்தபோது, காயாத வார்னிஷில் வேஷ்டி ஒட்டிக்கொண்டுவிட்டது. "பெஞ்சை ஆத்துக்கு எடுத்துண்டு போலாம்னு வந்தா, அது என்னை இங்கேயே இருத்திண்டுடும் போலிருக்கே!" என்று வாங்காமலே போய்விட்டார்.

ஒரே கேள்வி

அதே பெஞ்சுக்கு அடுத்த வாரம் வந்தவர் ராஜா அண்ணாமலைபுரத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவிக்கு இழுப்பு, சாயங்காலம் வெளிக்காற்றில் உட்கார வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அவர் தட்டவில்லை, கீறவில்லை. என் முகத்தைப் பார்த்து, "மழையில கிடந்தா தாங்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வைரம் பாய்ந்த தேக்கு என்றேன். இன்றைக்கும் அந்த வார்த்தை நாக்கில் கசக்கிறது. பெஞ்சை வண்டியில் ஏற்றும்போது அவர் சொன்னார்: "நீங்க சொன்னா சரிதான் தம்பி, எனக்கு மரம் தெரியாது."

இரண்டாவது மழைக்குப் பின்

அடுத்த ஆண்டு ஐப்பசி மழை விட்டதும் மறுபடி வந்தார். பெஞ்சின் கால் உளுத்து முறிந்து, மனைவி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டதாம். இனி நடக்க முடியாது. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. அவர் கேட்டது, சன்னலோரம் போட ஒரு சாய்வு நாற்காலி. "உங்க பெஞ்ச் மேல குத்தமில்ல தம்பி, மழையில விட்டது என் தப்பு. இதையும் நீங்களே நல்லதாப் பார்த்துக் குடுங்க."

ஆகவே, வெளியில் போட மரச்சாமான் வாங்கப் போகிறவர்களே, பெஞ்சைக் கவிழ்த்துக் காலடியைச் சுரண்டிப் பாருங்கள். விற்கிறவன் முகத்தைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள், என் முகம் அந்த நாளில் மிகவும் நல்ல முகம்.