கதவுக்குக் கீழே ஒரு அடி

பிள்ளைகளே, நான் மேஸ்திரியாகி முதன்முதலில் கட்டிய பெண்கள் கக்கூஸைப் பூட்டப் போவதாக ஓவர்சியர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பத்து நாளா ஒரு பொம்பளகூட வரலையே மேஸ்திரி. திங்கக்கெழம பெரிய ஆபீசர் பார்க்க வர்றாரு. அப்பவும் இப்படியே கெடந்தா சிமென்ட் மூட்டை அடுக்குற குடோன்தான்."

எண்பதுகளின் கடைசி அது. பீர்க்கன்கரணை ஏரியோரக் குடிசைகளில் எங்கும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடியுமுன் முள்புதர்ப் பக்கம் போவார்கள். தவறினால் இருட்டும்வரை அடக்கிக்கொள்வார்கள். அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அவர்களுக்காக ஆறு அறை கட்டினேன். தண்ணீர் பட்டுத் தகரக் கதவு துருப்பிடிக்கும் என்று கீழே ஒரு அடி இடைவெளி விட்டிருந்தேன். தொழில் தெரிந்தவன் வேலை என்று பெருமை வேறு.

அங்கே இட்லி விற்கும் கன்னியம்மாவிடம் கேட்டேன். "ஏன்க்கா, யாருமே வர மாட்டேங்கறீங்க?"

"உன் பொண்டாட்டிய இட்டாந்து குந்த சொல்லு மேஸ்திரி. அப்பால நான் வரேன்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம்தான். ஆனாலும் மறுநாள் உங்கள் அம்மாவை அழைத்துப் போனேன். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே நின்ற எனக்கு இரண்டு பாதம், மெட்டி, தூக்கிப் பிடித்த புடவை, எல்லாம் தெரிந்தது. அம்மா உட்காராமலே வெளியே வந்துவிட்டாள்.

"உங்க செருப்பு எனக்குத் தெரியுதுங்க. கட்டின புருஷன் நின்னாலே முடியல. ஊரான் நின்னா?"

ஓவர்சியரிடம் ஓடினேன். கதவைக் கீழே இறக்காமல், இடைவெளியை அடைக்க வாசலில் ஒரு அடி செங்கல் தடுப்பு எழுப்பலாம் என்றேன்.

"டிராயிங்ல இல்லையேப்பா. நான் பார்க்கல. நீ பண்ணிக்கோ," என்றார்.

மிச்சமிருந்த செங்கல்லைக் கன்னியம்மாவும் மற்றவர்களும் சுமந்து வந்தார்கள். "மாசமா இருக்கறவ எப்டி தாண்டுவா?" என்று அவள் கேட்டதால், தடுப்புக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் படி வைத்தேன். சனிக்கிழமை வேலை முடிந்தது.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். ஒரு கதவைத் தள்ளிப் பார்க்கக் கை நீட்டினார்.

"சார், சார்! உள்ள ஆள் கீது," என்றாள், வாளியோடு வரிசையில் நின்ற கன்னியம்மா.

ஆறு கதவும் உள்ளே தாழிட்டிருந்தன. ஆபீசர் கையை எடுத்துக்கொண்டு, குடோனைப் பற்றிப் பேசாமலே ஜீப் ஏறினார்.

அதன்பின் நான் எங்கே கக்கூஸ் கட்டினாலும், கதவு மாட்டியதும் அந்தத் தெருப் பெண் ஒருவரை உள்ளே உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். அவர் சரி என்றால்தான் என் வேலை முடிந்தது.