சந்தனத் தலையும் கண்ணாடிக் கதவும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் என் மகள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருந்தால் எனக்குப் பேச்சே வராது.

கல்லூரி லேபில் அவள் தன் கையாலேயே ஒரு சிப் செய்துகொண்டிருந்தாள். ரத்த அழுத்தத்தை அளப்பதாம், எள்ளைவிடச் சிறியது. தூசி பட்டே இரண்டு தடவை வீணாகிப் போனது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று ஒரு குன்று உண்டு; அதன்மேல் இருக்கும் பெருமாளுக்கு முடி தருவதாக மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அடுத்த தடவை சரியாக வந்துவிட்டது.

"சனிக்கிழமை பெத்தவங்க வந்து பாக்கலாம்ப்பா. திங்கக்கிழமை அதை பெங்களூருக்கு அனுப்பிருவாங்க. பொறவு பாக்க முடியாது" என்றாள்.

அன்று காலை மலையேறி மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு நேராகக் கல்லூரிக்குப் போனேன். லேபின் கண்ணாடிக் கதவருகே, நான் போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளை அங்கியோடு மகள் நின்றிருந்தாள்.

"என்னப்பா இது! யாருக்கு நேந்தீங்க?"

"உன் சிப்புக்குத்தான்."

"சிப்புக்கு மொட்டை போட்ட மொத ஆளு நீங்கதாம்ப்பா!" என்று சிரித்தாள். பிறகுதான் என் தோளைப் பார்த்தாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது.

"இதோட உள்ள விட மாட்டாங்கப்பா. செத்த நேரம் நில்லுங்க. துண்டும் வேற சட்டையும் வாங்கிட்டு வாரேன். தலையைக் கழுவிட்டுப் போவோம்."

அங்கியை என் கையில் கொடுத்துவிட்டு அவள் போனதும் மற்ற பெற்றோர்கள் வந்தார்கள். எல்லாரும் என் தலையையே பார்ப்பது போல இருந்தது. பளபளக்கும் தரையில் என் காலடியில் மஞ்சளாகப் பொடி கிடந்தது. நம்மால் பிள்ளைகளின் வேலை கெட்டுவிடுமோ என்று பயம். அத்தனை பேர் முன்னால் குழாயடியில் தலையைக் குனிந்து நிற்கவும் கூச்சம். அங்கியை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் வந்தவள் கோபப்படவில்லை. கையில் மடித்த துண்டு அப்படியே இருந்தது.

"லேப் பூட்டுற வரைக்கும் மைக்ராஸ்கோப்புல அதை வச்சுட்டு நின்னேம்ப்பா. எம்புட்டு அழகா தெரிஞ்சது தெரியுமா?"

போனில் படம் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம். நன்றாக இருக்கிறது என்றேன். சிப் திங்கட்கிழமை போய்விட்டது.

முடி பழையபடி வளர்ந்துவிட்டது. அவளுக்காக மலையேறி மொட்டை போட முடிந்த எனக்கு, அவளுக்காகச் சற்று நேரம் அந்தக் கதவருகே நிற்க முடியவில்லையே என்பது மட்டும் இன்னும் ஆறவில்லை.